பனியைப் படம் பிடித்த பால் விவசாயி



போன வாரம் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒருவன் போன் செய்தான். பெயர் வேண்டாம். வேலை முடிந்த நேரத்திலும் விடுமுறை நாட்களிலும் கோயில் கோயிலாகப் போய், தூண் சிற்பங்களைப் பென்சிலில் வரைகிறவன். "பதினோரு வருஷமா வரையறேன் சார். நல்லாருக்குன்னு சொல்லவும் ஆளில்லை, நல்லா இல்லைன்னு சொல்லவும் ஆளில்லை. யாராவது திட்டினாக்கூட பரவாயில்லை. போதும்னு விட்டுடலாமான்னு தோணுது" என்றான். நடுவில் இன்னொன்றும் சொன்னான். மூக்கு, கை உடைந்த சிலைகளை அவன் வரைவதில்லையாம். படம் அழகாக அமையாதாம்.

"விடாதே, தொடர்ந்து செய்" என்று சொல்ல எனக்கு அரை நிமிஷம் போதும். அது வெறும் வாய் உபசாரம். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். வரலாறு வாத்தியாருக்குத் தெரிந்த ஒரே வழி, இதே இடத்தில் முன்பு நின்ற ஒரு மனிதரைத் தேடிப் பார்ப்பது. அவனுக்கு எழுத ஆரம்பித்தது நீண்டுவிட்டது. உங்களில் பாடுகிறவர்கள், எழுதுகிறவர்கள், தையல் போடுகிறவர்கள் எல்லோரும் இருக்கிறீர்கள் என்பதால் இங்கேயே போடுகிறேன்.

அமெரிக்காவின் வடகிழக்கில் வெர்மான்ட் என்று ஒரு சின்ன மாநிலம். அங்கே ஜெரிகோ என்ற கிராமத்தில் 1865 பிப்ரவரி 9 அன்று பிறந்தவர் வில்சன் பென்ட்லி. பால் மாடு வைத்துப் பிழைத்த குடும்பம். அம்மா முன்பு பள்ளி ஆசிரியையாக இருந்தவர். பல வருடம் பையனுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். பதினைந்தாவது பிறந்த நாளுக்கு அந்த அம்மா ஒரு பழைய நுண்ணோக்கியைக் கொடுத்தார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பையன் ஒரு துகளை எடுத்து அதன் கீழே வைத்துப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் வாழ்நாள் முழுவதும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

நமக்குப் பனி என்றால் மார்கழிக் காலையில் புல்லின் மேல் நிற்கும் ஈரம். அவர்கள் ஊர்ப் பனி வேறு. மேகத்துக்குள்ளேயே நீராவி உறைந்து, ஆறு பக்கமோ ஆறு கிளையோ கொண்ட படிகமாகி இறங்கும். பல படிகங்கள் நம் ஊர் எறும்பு அளவுதான் இருக்கும். கிட்டப் போய் மூச்சு விட்டால் போயிற்று.

முதலில் அவன் அவற்றைக் கையால் வரைந்துதான் பார்த்தான். பாதி வரைவதற்குள் துகள் உருகிவிடும். இரண்டு மூன்று குளிர்காலம் இப்படியே போயிற்று. பிறகு அப்பாவிடம் கெஞ்சி, கேமராவோடு இணைக்கக்கூடிய நுண்ணோக்கி ஒன்றை வாங்கினான். சுமார் நூறு டாலர். ஒரு பால் பண்ணைக்காரருக்கு அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. பனியைப் படம் எடுக்க இத்தனை பணமா என்று அப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. அம்மா பேசித்தான் காரியம் நடந்தது.

வாங்கியதும் படம் வந்துவிடவில்லை. எப்படி எடுப்பது என்று சொல்லித்தர உலகத்திலேயே ஆள் அரிது. தப்பு எங்கே என்று பிளேட்டைக் கழுவிப் பார்த்துத் தானே கண்டுபிடிக்க வேண்டும். கடைசியில் துலங்கியது இதுதான்: லென்சின் துவாரத்தை மிகச் சிறியதாக வைத்து, வெளிச்சத்தை நீண்ட நேரம் விடவேண்டும். 1885 ஜனவரி 15 அன்று முதல் நல்ல படம் விழுந்தது. அவருக்கு அப்போது வயது பத்தொன்பது. இனி மரியாதையாகவே எழுதுகிறேன்.

அவர் வேலை செய்த முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் மாணவனுக்கான பதில் அதற்குள்தான் இருக்கிறது. நெருப்பு மூட்டாத கொட்டகை. வெளியே போய்க் கறுப்புப் பலகையில் பனியைப் பிடிப்பார். உள்ளே வந்து ஒரு பார்வை. உடைந்தவை, ஒட்டிக்கொண்டவை இருந்தால் அப்படியே தட்டிவிட்டு மறுபடி வெளியே ஓடுவார். நல்லது ஒன்று தென்பட்டால் துடைப்பக் குச்சியின் நுனியால் தொட்டு எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்து, பறவை இறகால் மெல்ல அழுத்துவார். இவ்வளவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு. கேமரா நீளமானது, பின்னாலிருந்து பார்த்தால் முன்னால் உள்ள திருகு எட்டாது. அதற்குக் கயிறும் சக்கரமும் தானே கட்டிக்கொண்டார். பிறகு கண்ணாடி பிளேட்டைக் கழுவி, கத்தி முனையால் படிகத்தைச் சுற்றியுள்ள படலத்தைச் சுரண்டி எடுப்பார். அப்போதுதான் பிரதியில் பின்னணி கறுப்பாக வரும். கூடவே அன்றைய குளிர், காற்று, மேகம் எல்லாவற்றையும் நோட்டில் குறித்து வைப்பார்.

1898-ல்தான் அவர் வேலை முதன்முதலாக அச்சில் வந்தது. வெர்மான்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜார்ஜ் பெர்கின்ஸ் அவருடன் சேர்ந்து ஒரு பிரபலமான அறிவியல் மாத இதழில் கட்டுரை எழுதினார். 1885-லிருந்து கணக்குப் போடுங்கள். பதின்மூன்று ஆண்டு. அதற்குள் 400-க்கு மேற்பட்ட படங்கள். ஒரு குளிர்காலத்துக்குச் சராசரி முப்பது படம்! அத்தனை மாதக் குளிருக்கும் கூலி அவ்வளவுதான். அக்கம்பக்கத்தார் அவரைக் கொஞ்சம் கிறுக்கு என்றே நினைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வாசலில் வாரிக் கொட்டுகிற பொருளைப் படம் எடுக்கிறவனைப் பற்றி நாமும் அப்படித்தான் பேசியிருப்போம்.

இவரைப் பற்றிச் சொல்கிறவர்கள் சிலர் 'புகழை நாடாத ஞானி' என்று ஆக்கிவிடுகிறார்கள். எனக்கு அது உண்மையாகத் தோன்றவில்லை. அவர் பாராட்டை நிறையவே விரும்பினார். 1903-ல் 500 படப் பிரதிகளை வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தார். பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதிக்கொண்டே இருந்தார். பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் படம் ஒன்று ஐந்து சென்ட் என்று விற்றார். செலவுக்குக்கூடக் கட்டாத விலை. யாரும் பார்க்க வேண்டாம் என்று இருந்தவர் இதையெல்லாம் செய்ய மாட்டார்.

பின் எப்படித் தாங்கினார்? எனக்குத் தெரிந்தவரை, அவருக்குப் பதில் வந்துகொண்டுதான் இருந்தது. மனிதரிடமிருந்து அல்ல. ஒவ்வொரு பிளேட்டும் சில மணி நேரத்துக்குள் ஆம், இல்லை என்று சொல்லிவிடும். அதைவிட முக்கியம், அவர் படத்தோடு கேள்வியையும் வைத்திருந்தார். புயலின் எந்தப் பகுதியில் நல்ல படிகம் விழுகிறது? கடுங்குளிரில் வரும் வடிவமும் மிதமான குளிரில் வரும் வடிவமும் ஏன் வேறாக இருக்கின்றன? இந்தக் கேள்விகளுக்கு அடுத்த புயல் பதில் சொல்லும். பதிலோடு இன்னொரு கேள்வியையும் கொடுத்துவிட்டுப் போகும். அப்படிப்பட்டவர் அடுத்த குளிர்காலத்துக்குக் காத்திருக்கத்தான் செய்வார். ஆரம்பத்தில் அம்மா ஒருத்தி அருகில் நின்று பார்த்ததும் சின்ன விஷயமில்லை.

ஆனால் தனியாக வேலை செய்ததற்கு அவர் ஒரு விலையும் கொடுத்தார். ஜெர்மனியில் குஸ்தாவ் ஹெல்மான் என்ற வானிலை அறிஞர், நொய்ஹாஸ் என்பவர் எடுத்த பனிப் படங்களோடு 1893-லேயே ஒரு நூல் வெளியிட்டிருந்தார். அந்தப் படங்களில் மூளியானவை, கோணல் மாணலானவை எல்லாம் இருந்தன. அந்த ஹெல்மான் பென்ட்லியின் படங்களைப் பார்த்துக் கடுமையாகக் குறை சொன்னார். ஓரங்களைக் கத்தியால் வெட்டியிருக்கிறார், அழகாக இருப்பதை மட்டும் பொறுக்கியிருக்கிறார் என்பது குற்றச்சாட்டு. பென்ட்லி பதில் எழுதினார். பின்னணியை மட்டுமே சுரண்டினேன், படிகத்தைத் தொடவில்லை என்பது அவர் வாதம். அது சரிதான். இரண்டாவது குற்றச்சாட்டுக்கு அவரிடம் நல்ல பதில் இல்லை. உண்மையில் வானத்திலிருந்து விழுவதில் பெரும்பாலானவை ஒழுங்கற்றவைதான். அவர் காட்டியதோ பெரும்பாலும் நகைப் பெட்டியைத் திறந்த மாதிரி இருந்தது. முதல் ஐந்தாறு வருடத்திலேயே அக்கறையுள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, "உடைந்ததையும் எடுத்து வையப்பா" என்று சொல்லியிருந்தால் அந்தச் சேகரிப்பின் அறிவியல் மதிப்பு இன்னும் கூடியிருக்கும். சொல்ல ஆளில்லை.

வேடிக்கை என்னவென்றால், அவருடைய சிறந்த ஆராய்ச்சி என்று நான் நினைப்பது பனியே அல்ல, மழை. மழைத்துளி எவ்வளவு பெரியது? விழுகிற துளியை அளப்பது எப்படி? ஒரு தட்டில் நன்றாகச் சலித்த மாவைப் பரப்பி, சில விநாடி மழையில் நீட்டினார். ஒவ்வொரு துளியும் மாவில் விழுந்து ஒரு சின்ன உருண்டை ஆயிற்று. உலரவிட்டு உருண்டைகளை அளந்தார். முன்னதாகவே, அளவு தெரிந்த துளிகளை மாவில் விழவைத்து, எந்த உருண்டைக்கு எந்தத் துளி என்று ஒப்பிட்டு வைத்திருந்தார். சமையலறைச் சாமான் போதும்! 1898 முதல் 1904 வரை 300-க்கு மேற்பட்ட மாதிரிகளை அளந்தார். பெரிய துளிகள் கால் அங்குலம், அதாவது ஆறு மில்லிமீட்டர் இருந்தன. மழைத்துளி மேலே பனியாக இருந்து உருகியதா, நீராகவே பிறந்ததா என்ற கேள்வி வரைக்கும் போனார். 1904-ல் அமெரிக்க வானிலைத் துறையின் மாத இதழில் கட்டுரை வந்தது. வந்ததோடு சரி. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சுமார் நாற்பது ஆண்டு கழித்து, மழை எப்படி வயல் மண்ணை அரிக்கிறது என்று ஆராய்ந்தவர்கள் துளியை அளக்க அதே மாவு முறையைத்தான் கையில் எடுத்தார்கள். பென்ட்லி அப்போது உயிருடன் இல்லை.

(நான் வரலாறு வாத்தியார். இதில் அறிவியல் பிழை இருந்தால் நம் இயற்பியல் சார் கீழே வந்து திருத்துவார். வழக்கம்போல ரசிப்பார் என்றும் நினைக்கிறேன்.)

மழைக் கட்டுரைக்கு யாரும் திரும்பிப் பார்க்காதது அவரை வருத்தியிருக்குமா? மழையை அவர் அதற்குமேல் அந்த அளவுக்குத் தொடரவில்லை என்பது மட்டும் தெரிகிறது. பனிக்குத் திரும்பினார். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு பத்திரிகைகள் அவரைத் தேடி வர ஆரம்பித்தன. 1924-ல் அமெரிக்க வானிலைக் கழகம் ஆராய்ச்சிக்கென்று ஓர் உதவித்தொகை கொடுத்தது. இருபத்தைந்து டாலர். முதல் நுண்ணோக்கி கேமராவின் விலையில் கால் பங்கு! அதற்குள் நாற்பது குளிர்காலம் கடந்திருந்தது.

1931 நவம்பரில் அவர் புத்தகம் வெளிவந்தது. வானிலைத் துறையைச் சேர்ந்த ஹம்ப்ரீஸ் முன்னுரை எழுதினார். 5,000-க்கும் மேல் எடுத்திருந்த படங்களில் 2,400-க்கும் மேற்பட்டவை அதில் உண்டு. டிசம்பரில் பனிப்புயலில் நடந்து வீடு வந்தவருக்கு நிமோனியா கண்டது. 23-ஆம் தேதி இறந்தார். வயது 66. வானிலை நோட்டில் அவர் கடைசியாக எழுதிய குறிப்புகூட அன்றைய காற்றையும் பனியையும் பற்றியதுதான்.

அந்தப் புத்தகம் ஜப்பானுக்குப் போயிற்று. ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் உகிசிரோ நகாயா என்ற இயற்பியலாளர் அதைப் பார்த்துத் தூண்டப்பட்டுப் பனி ஆராய்ச்சியில் இறங்கினார். அவரும் ஆயிரக்கணக்கில் படம் எடுத்தார். ஆனால் பென்ட்லி தட்டிவிட்ட உடைந்தவை, ஒட்டியவை, உருவமே இல்லாதவை எல்லாவற்றையும் சேர்த்து எடுத்து வகை பிரித்தார். 1936-ல் ஆய்வுக்கூடத்தில், ஒரு முயல் முடியின் நுனியில், உலகில் முதன்முதலாகச் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்துக் காட்டினார். எந்தக் குளிரில் எந்த வடிவம் என்ற கேள்விக்குச் சரியான பதில் அங்கேதான் வந்தது. ஜெரிகோ கொட்டகையில் ஒருவர் ஐம்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்வி.

தம்பி, இதை நீ படிப்பாய் என்று தெரியும். விடலாமா கூடாதா என்பதை நீதான் முடிவு செய்யவேண்டும். அதில் நான் தலையிடவில்லை. எந்தத் தூண் எந்தக் காலத்தது, ஒரே மண்டபத்தில் இரண்டு தச்சர் கை தெரிகிறதா என்றெல்லாம் உன் நோட்டில் ஓரமாக எழுதி வைத்திருக்கிறாயா? போனில் கேட்க மறந்துவிட்டேன். இல்லையென்றால் தேதியாவது போட ஆரம்பி. அடுத்த ஞாயிறு பதினோரு வருட நோட்டையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா. அதற்குள் கை உடைந்த சிலை ஒன்றையும் வரைந்து கொண்டுவர வேண்டும். திட்டுவதற்கு ஆளில்லை என்றாயே, சிவப்புப் பேனா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மதியச் சாப்பாடு இங்கேதான், டீச்சரம்மாவிடம் சொல்லிவிட்டேன்.