தூரத்தின் விலை

உதைபந்தாட்டத்தின் வரலாற்றை எழுதுவோர் கோல்களை எண்ணுகின்றனர், கிண்ணங்களை எண்ணுகின்றனர். பயணச்சீட்டுக்களை எண்ணுவோர் மிகச் சிலரே. ஆயினும் எந்த லீக் ஆட்டத்துக்கும் இரண்டு குழுக்கள் வேண்டும். அவற்றுள் ஒன்று மற்றையதன் ஊருக்குச் சென்றாக வேண்டும். செல்வதற்குப் பொழுது வேண்டும், வாகனம் வேண்டும், பணம் வேண்டும். இம்மூன்றையும் யார் கொடுக்கின்றனர் என்ற வினாவுக்குரிய விடையே, மைதானத்தில் யார் இறங்குவார், யார் வேலிக்கு வெளியே நிற்பார் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகின்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் சிறுவர் சிறுமியரின் போட்டி உதைபந்தாட்டம் கடந்த அறுபது ஆண்டுகளில் வளர்ந்த வகையை நோக்குவோர்க்கு இவ்வுண்மை தெளிவாகப் புலனாகும். அதனை விளங்கிக்கொள்வதற்கு, லீக் என்னும் அமைப்புப் பிறந்த இங்கிலாந்திலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும்.

1863 ஆம் ஆண்டில் இலண்டனிற் கூடி உதைபந்தாட்டச் சங்கத்தை நிறுவியோர் ஓய்வுக்குக் குறைவில்லாத கனவான்கள். தொழிலாளிக்கோ ஆறு நாளும் வேலை. ஏழாம் நாள் தேவாலயத்துக்கு உரியது. 1850 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளிற் பெண்களினதும் இளைஞரினதும் சனிக்கிழமை வேலையைப் பிற்பகல் இரண்டு மணியோடு நிறுத்தியது. வேலைநேரத்தைக் குறைக்குமாறு தொழிலாளர் நடத்திய நீண்ட போராட்டத்தின் பயன்களுள் இதுவும் ஒன்று. இவ்வரைநாள் ஓய்வு படிப்படியாக ஏனைய தொழில்களுக்கும் பரவிற்று. அந்தச் சனிக்கிழமைப் பிற்பகலிலேதான் உதைபந்தாட்டம் மக்கள் ஆட்டமாயிற்று. 1883 இல் லங்காஷயர்த் தொழிலாளரைக் கொண்ட பிளாக்பேர்ண் ஒலிம்பிக் குழு, ஈட்டன் கல்லூரிப் பழைய மாணவரான செல்வர் குழுவைத் தோற்கடித்துச் சங்கக் கிண்ணத்தை வடக்கே கொண்டுசென்றது.

1885 இல் ஊதியம் பெற்று ஆடுதல் சட்டபூர்வமாயிற்று. ஊதியம் கொடுப்பதற்கு நிச்சயமான வருமானம் வேண்டும். நிச்சயமான வருமானத்துக்கு நிச்சயமான ஆட்டங்கள் வேண்டும். அன்றோ, ஒப்புக்கொண்ட ஆட்டத்துக்கு எதிர்க்குழு வராதுபோதல் சர்வசாதாரணம். இக்குறையைத் தீர்க்கவே, பேர்மிங்ஹாமிற் துணிக்கடை நடத்திவந்த வில்லியம் மக்கிறெகர் என்பார் 1888 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் கழகங்களுக்குக் கடிதம் எழுதினார். அவ்வாண்டு செப்டெம்பரில் உதைபந்தாட்ட லீக் தன் முதலாவது ஆட்டங்களைத் தொடங்கிற்று. பன்னிரண்டு கழகங்கள், ஒவ்வொன்றுக்கும் இருபத்திரண்டு ஆட்டங்கள். லங்காஷயரிலிருந்து ஆறு, மத்திய மாவட்டங்களிலிருந்து ஆறு. இலண்டனிலிருந்து ஒன்றேனும் இல்லை. புகையிரதப் பாதையும் தொழிற்சாலைப் புகைபோக்கியும் எங்கே நெருங்கி நின்றனவோ அங்கேதான் லீக் பிறந்தது.

ஈண்டு நாம் கவனிக்கவேண்டியது பயணச் செலவை யார் தாங்கினார் என்பதே. வாயிலிற் பார்வையாளர் செலுத்திய சில்லறைக் காசு அதனைத் தாங்கிற்று. அனுமதிப் பணத்தில் ஒரு பங்கை வந்த குழுவுக்குக் கொடுக்கும் வழக்கம் 1983 வரை நிலவியது. 1921 இல் மூன்றாம் பிரிவு வடக்கு, தெற்கு என இரண்டாக வகுக்கப்பட்டது. சிறு கழகங்கள் நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடவேண்டிய நிலையை இவ்வேற்பாடு தவிர்த்தது. 1958 வரை அது நீடித்தது. தூரம் ஒரு பொதுச் சுமை என்ற எண்ணம், அரைகுறையாகவேனும், அக்காலத்து அமைப்பாளரிடம் இருந்தது என்பதற்கு இவை சான்று.

பிள்ளைகளின் ஆட்டத்தை அங்கே தாங்கியோர் ஆசிரியர்கள். 1904 இல் நிறுவப்பட்ட ஆங்கிலப் பாடசாலைகள் உதைபந்தாட்டச் சங்கம் ஆசிரியர்களின் ஊதியமற்ற உழைப்பின் மீது எழுந்தது. சனிக்கிழமை காலையிற் பிள்ளைகளைக் கூட்டிச் சென்றவரும் ஆசிரியரே. மத்தியஸ்தம் செய்தவரும் ஆசிரியரே. நகரப் பாடசாலைகள் தம்முள் ஆடி, அவற்றிலிருந்து தெரிவான நகரக் குழுவே வெளியூர் சென்றது. எனவே பெரும்பாலான பிள்ளைகளின் பயணம் தம் ஊர் எல்லையைத் தாண்டவில்லை. 1980களின் நடுப்பகுதியில் ஊதியப் பிணக்கின்போது ஆசிரியர்கள் வகுப்புக்கு வெளியேயான பணிகளை நிறுத்தியபோதுதான், ஓர் அமைப்பு முழுவதும் எவருடைய இலவச உழைப்பில் நின்றது என்பது நாட்டுக்குத் தெரிந்தது. பல பாடசாலைகளில் அந்த ஆட்டங்கள் மீண்டும் பழைய நிலைக்கு வரவேயில்லை.

இனி அமெரிக்காவை நோக்குவோம்.

இங்கிலாந்தின் லீக் புகையிரதத்தின் பிள்ளை எனின், அமெரிக்க இளைஞர் உதைபந்தாட்டம் மோட்டார் வண்டியின் பிள்ளை எனலாம். இரண்டாம் உலகப் போரின் பின் நடுத்தர வர்க்கத்தினர் நகரங்களை விட்டுப் புறநகர்களிற் குடியேறினர். 1956 ஆம் ஆண்டின் சட்டம் நாடெங்கும் பெருந்தெருக்களை விரித்தது. இச்சூழலில், 1964 இற் கலிபோர்னியாவின் ரொரன்ஸ் நகரில் ஒன்பது குழுக்களுடன் அமெரிக்க இளைஞர் உதைபந்தாட்ட அமைப்புத் தோன்றிற்று. அதன் கொள்கைகள் வியக்கத்தக்கவை: பதிவுசெய்த ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது பாதி ஆட்டமேனும் ஆடவேண்டும், வல்லவர் அனைவரும் ஒரு குழுவிற் சேராதவாறு ஆண்டுதோறும் குழுக்கள் சமன்செய்யப்படவேண்டும், பயிற்றுவோர் பெற்றோராகிய தொண்டர்களே. 1971 இல் அது சிறுமியர்க்கும் வாயிலைத் திறந்தது. ஆட்டம் அயலிலேயே நடந்தது. தூரம் சில மைல்களே.

இவ்வமைப்பு இன்றும் இருக்கின்றது. ஆயின் அதனருகே வேறொன்று வளர்ந்தது. 1972 ஆம் ஆண்டின் ஒன்பதாம் தலைப்புச் சட்டம் அரசாங்க உதவிபெறும் கல்வி நிலையங்களிற் பாற்பாகுபாட்டைத் தடைசெய்தது. அதன் பயனாகப் பல்கலைக்கழகங்கள் மகளிர் குழுக்களை அமைத்துப் புலமைப்பரிசில்களையும் வழங்கத் தொடங்கின. 1974 இல் ஐக்கிய அமெரிக்க இளைஞர் உதைபந்தாட்டச் சங்கம் நிறுவப்பட்டது. 1975 இற் பெலே நியூயோர்க் கொஸ்மோஸ் கழகத்திற் சேர்ந்தார். ஆட்டத்தின் கவர்ச்சி பெருகிற்று. வல்லவரைத் தெரிந்தெடுத்து, ஊதியம் பெறும் பயிற்றுநரிடம் ஒப்படைத்து, தகுந்த எதிரியைத் தேடி வெளியூர் செல்லும் ‘பயணக் குழுக்கள்’ பெருகின. அவற்றின் பெயரே பயணம் என்றாயிற்று என்பது சிந்திக்கத்தக்கது.

எங்கே எதிரி உண்டோ அங்கே செல்லல் என்பது, நாளடைவில், எங்கே பல்கலைக்கழகப் பயிற்றுநர் வருவாரோ அங்கே செல்லல் என மாறிற்று. நூற்றுக்கணக்கான குழுக்களை ஓரிடத்திற் கூட்டிப் பிள்ளைகளைத் தெரிவாளர் முன் நிறுத்தும் காட்சிச் சுற்றுப்போட்டிகள் எழுந்தன. நகரங்கள் சுற்றுலா வருமானத்தை எண்ணி மைதானத் தொகுதிகளை அமைத்தன. டிஸ்னி நிறுவனமே 1997 இற் புளோரிடாவில் இத்தகையதொரு தொகுதியைத் திறந்தது. பல சுற்றுப்போட்டிகளில், ஏற்பாட்டாளர் குறித்த ஹோட்டலிலே தங்கினாலன்றி ஆட இடமில்லை என்பது நிபந்தனை. விளையாடச் சென்ற பிள்ளை வாடிக்கையாளனாயிற்று.

இதன் உச்சத்தை 2007 இற் காண்கின்றோம். அமெரிக்க உதைபந்தாட்ட சம்மேளனம் அவ்வாண்டு ‘அபிவிருத்திக் கழகம்’ என்னும் தேசிய லீக்கைத் தொடங்கிற்று. அதன் நோக்கத்தை நாம் குறைகூறவில்லை. வார இறுதியில் நான்கைந்து ஆட்டங்களைத் திணிக்கும் சுற்றுப்போட்டி முறை பிள்ளைகளின் உடலைக் கெடுத்தது. ஆட்டங்களைக் குறைத்துப் பயிற்சியை மிகுத்தல் நல்லதே. ஆயின் வல்லவர் வல்லவரோடு மட்டுமே ஆடவேண்டும் என்ற விதி, பல மாநிலங்களைத் தழுவிய பிரிவுகளை வேண்டிற்று. 2012 இற் பருவம் பத்து மாதமாக நீட்டப்பட்டு, பிள்ளைகள் தம் உயர்பாடசாலைக்கு ஆடுதல் தடுக்கப்பட்டது. பணமின்றி ஆடக்கூடிய ஓரிடமும் அப்பிள்ளைகளுக்கு இவ்வாறு மூடப்பட்டது.

சிறுமியர்க்கென 2009 இற் கழகங்கள் சில சேர்ந்து வேறொரு தேசிய லீக்கை அமைத்திருந்தன. 2017 இற் சம்மேளனம் தானும் சிறுமியர் லீக்கைத் தொடங்கவே, சிறந்த கழகங்கள் இரு முகாம்களாகப் பிரிந்தன. 2020 ஏப்ரிலிற் கொள்ளைநோயின் பொருளாதார நெருக்கடியைக் காட்டிச் சம்மேளனம் தன் லீக்கையே மூடிவிட்டது. மேஜர் லீக் நிறுவனம் உடனே தனதொரு இளைஞர் லீக்கை நிறுவிற்று. விளைவு யாது? ஒரே நகரின் இரண்டு நல்ல குழுக்கள், வெவ்வேறு லீக்குகளின் சின்னத்தை அணிந்தமையால், தம்முள் ஆடாது, ஒன்று வடக்கேயும் மற்றையது தெற்கேயும் நூற்றுக்கணக்கான மைல் செல்கின்றன. 1888 இல் லீக் பிறந்தது எதிரியை உறுதிப்படுத்த. இங்கே லீக் என்பது அயலிலுள்ள எதிரியையே மறைக்கும் வணிகச் சின்னமாகிவிட்டது.

ரெக்ஸாஸ் மாநிலத்தின் எல் பாசோ நகரை எண்ணிப் பார்ப்போம். மெக்சிக்கோ எல்லையிலுள்ள அந்நகரின் மக்களிற் பெரும்பான்மையோர் மெக்சிக்க வம்சாவளியினர். அங்கிருந்து அதே மாநிலத்து ஹியூஸ்ரனுக்குத் தெருவழியே ஏறக்குறைய 1,200 கிலோமீற்றர். இலண்டனிலிருந்து எடின்பரோவுக்கு உள்ள தூரத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு! அத்தூரத்தை அங்கே பார்வையாளர் காசு தாங்கவில்லை. பெற்றோரின் பணப்பையே தாங்குகின்றது. பயிற்றுநர் ஊதியம், மைதான வாடகை, சுற்றுப்போட்டிக் கட்டணம், தம் பிள்ளையின் பயணம் ஆகியவற்றோடு, பயிற்றுநரின் பயணத்திலும் தங்குமிடத்திலும் ஒரு பங்கு. வேறு நாடுகளில், தாம் வளர்த்த பிள்ளை வெளிநாட்டுக் கழகத்துக்கு விற்கப்படும்போது அத்தொகையில் ஐந்து வீதம் வளர்த்த கழகங்களுக்குப் பகிரப்படும். அமெரிக்க சம்மேளனம் இவ்விதியை நீண்டகாலம் நடைமுறைப்படுத்தவில்லை. வளர்த்தவனுக்கு வளர்ப்பின் பயன் வராதபோது, வளர்ப்புச் செலவு குழந்தையின் வீட்டையே தேடிச் செல்கின்றது. மேஜர் லீக் கழகங்கள் பல தம் பயிற்சிக் கழகங்களை இலவசமாக்கியிருப்பது வரவேற்கத்தக்கதே. எனினும் அவை சில நகரங்களில் மட்டுமே உள்ளன.

சனிக்கிழமை வேலை செய்யும் தகப்பன் எவ்வாறு பிள்ளையை அயல் மாநிலத்துக்கு ஏற்றிச் செல்வான்? கலிபோர்னியாவின் பொதுப் பூங்காக்களில் மெக்சிக்கோவிலும் மத்திய அமெரிக்காவிலுமிருந்து வந்த தொழிலாளர் தமக்கெனத் தனி லீக்குகளை நடத்தினர். திறமைக்கு அங்கே பஞ்சமில்லை. தெரிவாளர்தாம் அப்பக்கம் அரிதாகவே சென்றனர். 2017 ஒக்டோபர் 10 ஆம் நாள் திரினிடாட்டின் கூவா நகரில் அமெரிக்கா 2-1 எனத் தோற்று உலகக் கிண்ண வாய்ப்பை இழந்தபோது, கட்டணம் செலுத்துவோர்க்கே ஆட்டம் என்ற முறைமை குறித்து நாடெங்கும் விவாதம் எழுந்தது. தோல்விக்குக் காரணம் அது ஒன்றே எனக் கூறுதல் மிகை. ஆயினும் குழந்தைகளின் இழப்பைக் காண நாட்டுக்கு ஒரு தோல்வி வேண்டியிருந்தது என்பதே வேதனைக்குரியது.

வேறு வழி இல்லையா? 2000 ஆம் ஆண்டின் ஐரோப்பியப் போட்டியில் முதற்சுற்றிலேயே வெளியேறிய ஜேர்மனி, 2002 முதல் நாடெங்கும் 350க்கு மேற்பட்ட பயிற்சித் தளங்களைச் சம்மேளனச் செலவில் அமைத்தது. பிள்ளை தன் ஊர்க் கழகத்திலேயே ஆடும். வாரத்துக்கு ஒருமுறை அருகிலுள்ள தளத்திற் பயிற்சி பெறும். பிள்ளை பயிற்றுநரைத் தேடி ஓடாது, பயிற்றுநர் பிள்ளையை நாடி வந்தார். பத்தொன்பது வயதுக்குட்பட்டோரின் உயர் லீக்கும் 2003 முதல் 2024 வரை மூன்று பிராந்தியங்களாகவே நடந்தது. இங்கிலாந்திலும் 1998 இற் பயிற்சிக் கழகங்கள் தொடங்கியபோது, சிறுவர் ஒரு மணி நேரத்துக்குள்ளும், பன்னிரண்டு வயதைக் கடந்தோர் ஒன்றரை மணி நேரத்துக்குள்ளும் வந்துசேரக்கூடியோராக இருத்தல்வேண்டும் என விதிக்கப்பட்டது. 2012 இற் பெருங்கழகங்களுக்காக அவ்வரம்பு தளர்த்தப்பட்டமையும் நாம் மறக்கத்தக்கதன்று. நல்ல விதியைப் பெறுவது ஒரு போராட்டம். அதனைக் காப்பது மற்றொன்று.

வெளியூர் சென்று ஆடுதல் இளைஞரின் அறிவை விரிக்கும் என்பதை நாம் மறுக்கவில்லை. மறுப்பது, அவ்விரிவு காசுள்ள வீட்டின் தனியுரிமையாவதையே. லீக் அட்டவணை ஒன்று நம் கைக்கு வரும்போது யார் யாரை வெல்வார் எனப் பார்க்குமுன், யார் எவ்வளவு தூரம் செல்லவேண்டும், அதற்கு யார் பணம் கொடுப்பார் எனப் பார்ப்போமாக. பஸ் கட்டணம் இல்லையென்று தலைகுனிந்து நின்ற மாணவனை ஒருமுறையேனும் கண்ட ஆசிரியருக்கு இவ்வினாவின் பொருளை நாம் விளக்கவேண்டியதில்லை.