பஞ்சப்படி இல்லாத வீடுகள்

கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள்.

சென்னையில் தனியார் கம்பெனியில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார்: "சார், நாலு வருஷமா சம்பளம் ஏறல. அரிசி, எண்ணெய், ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் ஏறிடுச்சு. உங்க காலத்துல எப்படி சார் சமாளிச்சீங்க?"

"சிக்கனமா இருப்பா" என்று சொல்லிவிடலாம். ஆனால் நான் வரலாற்று வாத்தியார். விலை ஏறுவது எல்லா வீட்டுக்கும் பொதுவானதுதான். அதோடு சேர்ந்து வருமானமும் ஏறுகிறதா என்பதில்தான் வீட்டுக்கு வீடு வித்தியாசம். அந்த வித்தியாசம் எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால்தான் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

நம் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். 1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-ல் நிலக்கரி கண்ணில் பட்டது. அன்றைய தென்னார்க்காட்டுக் கிராமங்களிலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்த உங்கள் தாத்தாக்களுக்கு அதுவரை வருமானம் என்றால் அறுவடைதான். இங்கே வந்தபிறகு மாதா மாதம் சம்பளச் சீட்டு கைக்கு வந்தது. அந்தச் சீட்டில் அடிப்படைச் சம்பளத்துக்குக் கீழே இன்னொரு வரி இருக்கும். பெரியவர்கள் அதைப் 'பஞ்சப்படி' என்பார்கள். இன்று 'அகவிலைப்படி' என்று எழுதுகிறோம், பேச்சில் 'டி.ஏ.' என்கிறோம்.

பஞ்சப்படி என்ற பெயரிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. பஞ்சம் உங்களுக்குத் தெரியும். படி என்பது தானியம் அளக்கும் படியும்தான், அன்றாடச் செலவுக்குத் தரும் தொகையும்தான். வெள்ளைக்காரன் காலத்திலேயே, தானிய விலை ஓர் அளவுக்கு மேல் போனால் கடைநிலை அரசு ஊழியர்களுக்கு மட்டும் சிறு ஈட்டுத்தொகை தரும் வழக்கம் இருந்தது.

மற்றவர்கள் கதை வேறு. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்து நிவாரண வேலைகளில் மண் சுமந்தவர்களுக்குக் கூலியைக் குறைத்தார்கள். ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 450 கிராம் தானியமும் ஓர் அணாவும். குறைக்கச் சொன்ன அதிகாரி ரிச்சர்டு டெம்பிள். அதனால் அதற்கு 'டெம்பிள் கூலி' என்றே பெயர் வந்தது. மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் 'இது உயிர் வாழப் போதாது' என்று வாதாடினார். விலை உச்சத்தில் இருக்கும்போது கூலியைக் குறைத்த காலம் அது.

அடுத்தது 1904. சென்னை திருவல்லிக்கேணியில் குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் நிறைய. மாதச் சம்பளம் அசையாது, மளிகை விலை மட்டும் அசையும். அவர்களில் சிலர் கூடி ஒரு பண்டகசாலை தொடங்கினார்கள். 1844-ல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊர் நெசவாளர்கள் செய்ததுதான் முன்மாதிரி: பங்கு போட்டு, மொத்தமாக வாங்கி, நியாய விலைக்கு உறுப்பினர்களுக்கே விற்று, மிச்சத்தைப் பகிர்ந்துகொள்வது. அதுதான் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம், டி.யு.சி.எஸ். இன்றும் நடக்கிறது. அதைத் தொடங்குவதில் பங்கெடுத்தவர்களில் ஒருவர், அந்தப் பகுதி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. பின்னாளில் பெரிய அரசியல் தலைவராக அறியப்பட்டவர். ஒரு வாத்தியார் மளிகைக் கணக்கும் பார்த்திருக்கிறார் என்பதில் எனக்குத் தனிப் பெருமை!

பிறகு இரண்டாம் உலகப்போர். விலை எகிறியது. ரேஷன் வந்தது. தொழிலாளர்களும் அரசு ஊழியர்களும் பஞ்சப்படி கேட்டுப் போராடினார்கள். 1946-ல் முதல் மத்திய ஊதியக்குழு அமைந்தது. அதன் தலைவர் நம் தமிழ்நாட்டு நீதிபதி சீனிவாச வரதாச்சாரியார். 1947-ல் அந்தக் குழு பரிந்துரைத்த குறைந்தபட்ச ஊதியம் 55 ரூபாய். அதில் 30 அடிப்படைச் சம்பளம், 25 பஞ்சப்படி. அதாவது கிட்டத்தட்ட பாதி, விலைவாசிக்காகவே தரப்பட்டது.

விலைவாசியை எப்படி அளப்பது? தொழில் நகரங்களின் கடைகளில் விலை விசாரித்து, தொழிலாளர் குடும்பம் வாங்கும் பொருள்களின் மொத்தச் செலவை மாதா மாதம் ஒரே எண்ணாகச் சொல்வார்கள். அதுதான் குறியீட்டு எண். சிம்லாவில் உள்ள தொழிலாளர் அலுவலகம் இன்றும் அதை வெளியிடுகிறது. மத்திய பொதுத்துறை நிறுவனங்களில் அதை வைத்து ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என வருடத்துக்கு நாலு தடவை டி.ஏ. மாறும். வகுப்பில் "சார், அப்பாவுக்கு டி.ஏ. வந்துடுச்சு, புது ஷூ" என்று நீங்கள் சொன்னதெல்லாம் இந்த ஏற்பாட்டினால்தான்.

அது யாரும் இரக்கப்பட்டுத் தந்ததில்லை. கேட்டு வாங்கியது. வாங்கிய பிறகும் பறிபோகக் கூடியது. 1972 வறட்சி, 1973 அக்டோபருக்குப் பின் பெட்ரோல் விலையேற்றம் என்று அடுத்தடுத்து வந்து, 1974-ல் விலைவாசி 20 சதவீதத்துக்கு மேல் ஏறியது. அந்த மே மாதம் சுமார் 17 லட்சம் ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். விலைவாசிக்கு ஏற்ற பஞ்சப்படியும் அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று. மூன்று வாரத்தில் அது ஒடுக்கப்பட்டது. ஜூலையில் கட்டாய வைப்புச் சட்டம் வந்தது. உயரும் பஞ்சப்படியில் பாதியைக் கையில் தராமல் பிடித்து வைத்து, பின்னால் தவணையில் திருப்பித் தருவார்கள். பணம் அதிகம் புழங்கினால் விலை இன்னும் ஏறும் என்பது அரசு சொன்ன காரணம். வீட்டில் உலை வைப்பவருக்கு அந்தப் பொருளாதாரம் என்ன புரியும்?

சரி, பஞ்சப்படியே இல்லாத வீடுகள்? அவையும் நம் ஊரில்தான் இருந்தன. சுரங்கத்தில் ஒப்பந்த வேலை பார்த்தவர்கள், மெயின் பஜாரில் கடைச் சிப்பந்திகள், மந்தாரக்குப்பத்தில் தையல் மெஷின் வைத்திருந்தவர்கள், குவார்ட்டர்ஸ் வீடுகளில் பாத்திரம் தேய்த்தவர்கள். எல்லோருக்கும் கடையில் ஒரே விலைதான். டி.ஏ. மட்டும் கிடையாது. அந்த வீட்டுப் பிள்ளைகளும் என் வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தார்கள். மளிகைக் கடையில் பற்று நோட்டு, ஏலச்சீட்டு, தீபாவளிச் சீட்டு, அக்கம்பக்கத்தில் கைமாற்று, ஆடியில் அடகுக்குப் போய் தையில் திரும்பும் ஒரு ஜோடி கம்மல் என்று அவர்கள் சமாளித்தார்கள்.

இவர்களுக்குக் கொஞ்சமாவது பஞ்சப்படியாக வந்தது ரேஷன் கடைதான். 1967-ல் ரூபாய்க்கு ஒரு படி அரிசி, 1972-ல் நுகர்பொருள் வாணிபக் கழகம், 2007 முதல் சிறப்பு விநியோகத்தில் பருப்பும் பாமாயிலும், 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்று பல வருடமாக ஒரே விலை. வெளிச்சந்தையில் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். ரேஷன் வரிசையில் நிற்பதைக் கேவலமாக நினைக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்கிறேன்: கடைநிலை அரசு ஊழியருக்கு மட்டும் கிடைத்த ஈட்டுத்தொகையின் வேலையைத்தான் அது எல்லோருக்கும் செய்கிறது.

இப்போது இந்தப் பதிவை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

எனக்கு அரசு ஓய்வூதியம். அதற்கு அகவிலைப்படி உண்டு. கொரோனா காலத்தில் அது 17 சதவீதத்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டு, 2022 ஜனவரியில்தான் 31 ஆனது. இடைப்பட்ட காலத்தில் எங்கள் வீட்டிலும் பட்ஜெட் போட்டுத்தான் காய்கறி வாங்கினோம். ஆனால் எங்களுக்கு அது இரண்டு வருடக் கதை. உங்களில் பலருடைய அப்பா அம்மாவுக்கு அது வாழ்நாள் கதை.

1995 நவம்பரில் வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தை, அதாவது வருங்கால வைப்பு நிதி பென்ஷனைச் சொல்கிறேன். கணக்கில் எடுக்கும் சம்பளத்தைப் பணிபுரிந்த வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள். உண்மையான சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், பொதுவாகக் கணக்கில் வருவது உச்சவரம்பு வரைதான். ஒரு காலத்தில் அது 6,500 ரூபாய், 2014 செப்டம்பர் முதல் 15,000. 35 வருடம் என்று வைத்தாலும் 7,500 ரூபாய்தான் வரும். குறைந்தபட்சம் 1,000 என்று அதே 2014 செப்டம்பரில் வைத்தார்கள். எனக்குத் தெரிந்த பல வீடுகளில் இரண்டாயிரம், மூவாயிரம்தான் வருகிறது. இந்தப் பென்ஷனுக்குப் பஞ்சப்படி கிடையாது. வேலையில் இருந்தவரை வருடத்துக்கு நாலு தடவை டி.ஏ. வாங்கிய மனிதர், ஓய்வு பெற்ற நாளில் குவார்ட்டர்ஸையும் காலி செய்கிறார், விலைவாசியோடு கூட வந்த அந்த வரியையும் இழக்கிறார்.

ஒரு கணக்கு. விலை வருடம் 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் இரட்டிப்பாகும். அப்படியானால் மாறாத பென்ஷன் 12 வருடத்தில் பாதியாகிவிட்டது என்று அர்த்தம். பாஸ்புக்கில் எண் மட்டும் அப்படியே இருக்கும்.

அந்த ஓட்டையை அடைப்பது நீங்கள் அனுப்பும் பணம். சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் இருந்து மாதம் தவறாமல் அனுப்புகிறீர்கள். ரொம்பச் சந்தோஷம். ஆனால் கேட்கிறேன்: அந்தப் பணத்துக்குப் பஞ்சப்படி உண்டா? பத்து வருடத்துக்கு முன்பு முதல் சம்பளம் வாங்கியதும் "அம்மா, மாசம் 5,000 போடறேன்" என்று ஆரம்பித்தது இன்றும் 5,000-ஆகவே இருக்கிறதா? வருடம் 5 சதவீதம் என்று வைத்தாலும், அதே பொருள்களை வாங்க இன்று 8,000-க்கு மேல் வேண்டும்.

அம்மா கேட்க மாட்டார். அப்பாவும் கேட்க மாட்டார். உங்களிடம் கொடி பிடிக்க அவர்களுக்குச் சங்கம் கிடையாது. பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவார்கள். கேஸ் தீர்ந்துவிடுமே என்று ராத்திரிக்குப் பழைய சோறு. "வயசாச்சு, பசிக்கறதே இல்லப்பா" என்பார்கள். ஊருக்கு வரும்போது மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். அட்டையில் மிச்சமிருக்கும் மாத்திரையை எண்ணினால் உண்மை தெரிந்துவிடும்.

என் யோசனை எளிமையானது. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும், அவர்கள் கேட்காமலே, அனுப்பும் தொகையை நூற்றுக்கு ஐந்தோ ஆறோ உயர்த்துங்கள். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லோரும் கூடிப் பேசிப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

போனில் கேட்ட அந்த மாணவரைப் போல உங்கள் சம்பளமும் நின்றுபோயிருந்தால், அதைப் பெற்றவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தெரிந்தால் அவர்களும் சேர்ந்து வழி தேடுவார்கள். அபார்ட்மெண்டில் நாலு குடும்பம் சேர்ந்து அரிசியும் எண்ணெயும் மொத்தமாக வாங்குங்கள். திருவல்லிக்கேணிக்காரர்கள் 120 வருடத்துக்கு முன்பே வழி காட்டிவிட்டார்கள். ரேஷன் கார்டு இருந்தால் வெட்கப்படாமல் வாங்குங்கள். மாதச் செலவை கிரெடிட் கார்டில் தள்ளிப்போடாதீர்கள். அந்த வட்டி விலைவாசியை விட வேகமாக ஓடும். ஆபீசில் தனியாகப் போய்க் கேட்பதைவிட, சேர்ந்து போய், நாலு வருட விலைவாசியைத் தாளில் எழுதிக் காட்டிக் கேளுங்கள். கேட்டால் கிடைத்துவிடும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் இதுவரை கிடைத்த பஞ்சப்படியெல்லாம் கேட்டவர்களால் வந்ததுதான்.

அவரவர் வீட்டில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்கும் பயன்படும். அதற்கு முன்னால், ஊருக்கு ஒரு போன் போட்டு, "பணம் போதுதா" என்று கேட்காதீர்கள். "போதும்" என்றுதான் பதில் வரும். "இந்த மாசத்திலிருந்து கூடப் போடறேன்" என்று சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார், நெய்வேலி