நோயும் வந்தேறியும்: கொழும்பு நகர வரலாறு உணர்த்தும் ஒரு பாடம்

திருக்குறளின் 'மருந்து' என்னும் அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறுகள் உடையதாக வகுத்துக் காட்டுகின்றது. நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என்பனவே அவை. நோயாளி எந்நாட்டினன், எம்மொழியினன், எவ்வழியாக வந்தவன் என்னும் வினாக்களுக்கு அப்பகுப்பில் இடமில்லை. ஆயினும் இலங்கையின் மருத்துவ வரலாற்றை ஆராய்வோர், கடந்த இரு நூற்றாண்டுகளில் அவ்வினாக்களே பலகால் முன்னின்றமையைக் காண்பர். நோய் யாது என அறியுமுன் நோயாளி யார் எனக் கேட்கும் வழக்கம் எவ்வாறு வேரூன்றிற்று, அதனால் விளைந்தது யாது என்பன ஈண்டு ஆராயத்தக்கன.

1830ஆம் ஆண்டுகளிலிருந்து மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்கள் பெருகின. அவற்றுக்கு வேண்டிய தொழிலாளரைத் தென்னிந்தியா அளித்தது. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி முதலிய மாவட்டங்களிற் பஞ்சத்தாலும் கடனாலும் நலிந்தோர், கங்காணிமாரின் கீழ்க் கூட்டங்கூட்டமாக மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து நீர் அரிதான காட்டு வழியே ஏறத்தாழ 150 மைல் நடந்து மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் அவ்வழியில் அவர்களைத் தொடர்ந்தன. நடக்கமாட்டாது வீழ்ந்தவனைச் சுமந்து செல்லக் கூட்டத்தாருக்கு வலுவில்லை. அவனுடன் தங்கி நிற்கவோ கையில் உணவில்லை. ஆதலின், பலர் வீழ்ந்த இடத்திலேயே விடப்பட்டனர். வழியோரத்து ஊரார் இவர்களைக் கண்டு அஞ்சினர். அவ்வச்சம் முற்றிலும் காரணமற்றதன்று; வாந்திபேதி மெய்யாகவே மனிதரோடு நடந்து வந்தது. ஆயினும், நோய்க்கு அஞ்சிய அச்சம் நாளடைவில் நோயாளிக்கு அஞ்சும் அச்சமாயிற்று. பின்னர் அது வெறுப்பாகவும் முதிர்ந்தது.

தோட்டத்தை அடைந்தபின்னும் நிலை பெரிதும் மாறவில்லை. வேலை செய்யும் உடல் தோட்டத்துக்கு உரியது. நோயுற்ற உடலோ எவர்க்கும் உரியதன்று என்பதே அக்கால நடைமுறை. நோயாளியைப் பேணுவது அரசினர் கடன் எனத் துரைமார் கூறினர். தொழிலால் ஊதியம் பெறும் துரைமாரே செலவை ஏற்க வேண்டுமென அரசினர் கருதினர். இவ்வழக்கு முடியுமுன் நோயாளிகளின் உயிர் முடிந்தது. கொழும்பில் 1864ஆம் ஆண்டு பொது வைத்தியசாலையும் 1870ஆம் ஆண்டு வைத்தியக் கல்லூரியும் தோன்றின. எனினும், அவற்றின் பயன் மலைத்தோட்டத்து லயன் அறையை எட்டவில்லை. வில்லியம் கிரகெரி தேசாதிபதியாக வந்த 1872ஆம் ஆண்டிலே தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென முதன்முதலாக ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 1880ஆம் ஆண்டிலும் 1912ஆம் ஆண்டிலும் அது விரிவாக்கப்பட்டது. மனிதன் என்ற முறையில் அல்லாது, தொழிலாளி என்ற முறையிலேயே மருத்துவம் பெறும் உரிமை அவனுக்குக் கிடைத்தது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

1896ஆம் ஆண்டு பம்பாயிற் பிளேக்கு என்னும் கொள்ளைநோய் தோன்றியபோது இலங்கை அரசினர் விழிப்படைந்தனர். வடக்குக் காட்டுவழி மூடப்பட்டது. தூத்துக்குடியிலிருந்து கப்பலேறிக் கொழும்பில் இறங்கிய தொழிலாளர் றாகமையிற் காவலில் வைத்துப் பரிசோதிக்கப்பட்டனர். பின்னர், 1913ஆம் ஆண்டளவில் இலங்கை அரசினர் இந்தியக் கரையிலேயே, மண்டபத்தில், ஒரு தங்கல் முகாமை நிறுவினர். தொழிலாளர் அங்கே சில நாள் தடுத்து வைக்கப்பட்டு, அம்மைப்பால் குத்தப்பெற்று, உடையும் உடைமையும் கிருமி நீக்கப்பெற்ற பின்னரே கடல் கடக்க விடப்பட்டனர். அம்முகாம் வாந்திபேதியையும் அம்மையையும் தடுப்பதற்குப் பெரிதும் உதவிற்று என்பதை மறுத்தல் நேர்மையன்று. ஆயின், வசதிபடைத்த மேல்வகுப்புப் பயணிகளுக்கு அக்காவலிலிருந்து விலக்கு இருந்தது. நோய்க்கிருமி பயணச்சீட்டின் வகுப்பைப் பார்த்து ஏறுவதில்லை; விதியோ அதைப் பார்த்தே அமைந்தது.

இத்துணைக் காவல் இருந்தும் 1914ஆம் ஆண்டின் தொடக்கத்திற் பிளேக்கு கொழும்பினுட் புகுந்தது. துறைமுகத்தையும் புறக்கோட்டையையும் சூழ்ந்த நெருக்கமான பகுதிகளே பெரிதும் துன்புற்றன. துறைமுகத்திற் சுமை தூக்கியோரும் வண்டி இழுத்தோரும் சிறு வணிகரும் ஒண்டி வாழ்ந்த இடங்கள் அவை. கொட்டாஞ்சேனை அவற்றை அடுத்துக் கிடந்தது. வந்தேறிகளே நோயைக் கொணர்ந்தனர் என எண்ணுதல் எளிதாயிருந்தது.

உண்மை வேறாயிருந்தது. கொழும்பு மாநகரசபையின் நுண்ணுயிரியலாளராக விளங்கிய எல். பேபியன் ஹேர்ஸ்ற் என்பார் எலிகளையும் அவற்றின் மீது வாழும் தெள்ளுப்பூச்சிகளையும் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். நோயுற்ற எலி இறந்ததும் தெள்ளு அதனை விட்டு நீங்கி மனிதனைக் கடிக்கும். அவ்வழியே நோய் பரவும். எல்லாத் தெள்ளுகளும் இதில் ஒரு தன்மையன அல்ல. நகரின் பிற பகுதிகளில் மிக்கிருந்த இனம் நோயைப் பரப்பும் ஆற்றல் குறைந்தது. கொடிய இனமோ புறக்கோட்டைத் தானியக் கிடங்குகளைச் சூழ்ந்தே மிகுதியாகக் காணப்பட்டது. நோய்ப்பட்ட துறைமுகங்களிலிருந்து வந்த தானியத்தோடு அது புகுந்ததென அவர் முடிவு செய்தார். தம் நெடுங்கால ஆராய்ச்சியின் பயனை 1953ஆம் ஆண்டு வெளியான ஒரு பெருநூலிலும் தொகுத்துரைத்தார்.

இம்முடிவின் பொருளை நன்கு சிந்தித்தல் வேண்டும். மண்டபத்திலே மனிதர் காவலில் இருந்த அதே காலத்தில், கொழும்புத் துறையில் அரிசி மூட்டைகள் தடையின்றி இறங்கின. மூட்டையைத் தடுத்தால் வணிகம் தடைப்படும். மனிதனைத் தடுத்தால் வினவுவார் இல்லை. மூட்டையைச் சுமந்தவன் மூட்டையின் குற்றத்தையும் சேர்த்துச் சுமந்தான். தவறான இடத்திற் பழியைச் சுமத்துதல் அறத்துக்கு மாத்திரமன்றி மருத்துவத்துக்கும் கேடாகும். ஏனெனில், பழி ஓரிடத்தில் இருக்க நோய் வேறோரிடத்தில் வளரும்.

இக்குற்றத்தை ஆங்கிலேயர் மீதே ஏற்றிவிட்டு அமைதல் பொருந்தாது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கிற்று. 1964ஆம் ஆண்டு ஒக்ரோபரில் எழுந்த சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 9,75,000 பேரின் விதியைப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என முடிவாயிற்று, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிவு பின்னுக்கு விடப்பட்டது. நாடற்ற நிலையைத் தீர்க்கும் இறுதிச் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் வந்தது. இக்கால முழுவதும் வடபுலத்துத் தமிழருட் கற்றோர் பலர் 'தோட்டக்காட்டான்' என்னும் சொல்லைக் கூசாது வழங்கினர். வெள்ளவத்தையில் வீடு வாங்கிய உத்தியோகத்தர்க்கும் கொட்டாஞ்சேனையிற் சுமை தூக்கிய தொழிலாளிக்கும் மொழி ஒன்றே. ஆயினும் இருவருக்கும் இடையிற் கிடந்த தொலைவு சில மைல்களில் அடங்குவதன்று.

காலம் அத்தொலைவைக் கொடிய முறையில் அழித்தது. 1958ஆம் ஆண்டு வன்செயலின்போது கொழும்புத் தமிழர் அகதிகளாகிக் கப்பலிற் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டனர். 1983ஆம் ஆண்டு யூலையில் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் ஒருங்கே எரிந்தன. உத்தியோகத்தரும் தொழிலாளியும் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முதலிய முகாம்களில் ஒரே தரையில் படுத்தனர். 'நீ யார்?' என்னும் வினா அன்று அனைவரையும் நோக்கி எழுந்தது. அதன் பின்னர்க் கடல் கடந்து ஓடிய ஈழத்தமிழரை ஏற்றுப் பதிவு செய்த இடங்களுள் மண்டபமும் ஒன்றாயிற்று. ஒருகால் இலங்கைக்கு வருவோரைத் தடுத்த மண்டபம், பின்னொருகால் இலங்கையை விட்டு ஓடுவோரை ஏற்றது.

அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. விபத்திலும் மாரடைப்பிலும் வீழ்ந்தோரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல நாடளாவிய இலவச அம்புலன்ஸ் சேவை இந்நாட்டில் நெடுங்காலம் இருக்கவில்லை. கிடைத்த முச்சக்கர வண்டியே பலர்க்கும் உதவிற்று. 2016ஆம் ஆண்டு யூலையில் இந்திய நன்கொடையாகப் பெற்ற 88 வண்டிகளுடன், 1990 என்னும் தொலைபேசி இலக்கத்தில், சுவசெரிய சேவை மேல், தென் மாகாணங்களில் தொடங்கிற்று. அந்நாளில் எழுந்த எதிர்ப்புரை யாது? இவ்வண்டிகள் வழியாக இந்திய ஒற்றர் நுழைவர் என்பதே. றாகமைக் காலத்து அச்சம் நூறாண்டு கழித்து வேறு உடையில் வந்தது. ஆயினும் வண்டிகள் ஓடின; உயிர்கள் காக்கப்பட்டன. 2018ஆம் ஆண்டு அச்சேவை வடமாகாணத்துக்கும் வந்தது. வண்டி யாருடைய நன்கொடை என்பதை மூச்சுத் திணறும் நோயாளி எவனும் கேட்டிலன்.

காவலும் பரிசோதனையும் வேண்டா என்பது இதனாற் பெறப்படும் முடிபு அன்று. அவை நோயை நோக்கியனவாய் அமைதல் வேண்டும். ஆளை நோக்கியனவாய் அமைதல் கூடாது. வழியோரத்தில் ஒருவன் வீழ்ந்து கிடக்கும்போது கேட்கத்தக்க வினா ஒன்றேயாம்: உனக்கு என்ன நோவு? மற்றைய வினாக்கள் அவன் எழுந்த பின்னர்க் கேட்கப்படலாம்.