எட்டு மணி போக எஞ்சியது

ஓய்வு என்பது உழைத்துக் களைத்தவனுக்கு இயற்கை தானாக வழங்கும் கொடை என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். வாழ்க்கையில் முன்னேற விரும்புவோன் முதலில் துறக்கவேண்டியது ஓய்வே என்று வேறு சிலர் மாணவருக்குப் போதிக்கின்றனர். இவ்விரு கருத்துகளும் சரித்திரத்தை மறந்தவை. மாலைப் பொழுதென்றும் விடுமுறை நாளென்றும் நாம் இன்று அனுபவிப்பவை இயற்கை தந்தவையுமல்ல; முதலாளிகள் மனமிரங்கி அளித்தவையுமல்ல. ஒவ்வொரு மணியாகப் போராடிப் பெறப்பட்டவை அவை.

யந்திரத் தொழில் தோன்றுமுன் கதிரவனும் பருவமும் எடுத்த வேலையின் தன்மையுமே வேலைநாளின் அளவை நிர்ணயித்தன. இங்கிலாந்தின் கைவினைஞர் பலர் ஞாயிற்றுக்கிழமையோடு திங்கட்கிழமையும் ஓய்ந்திருந்து, வார இறுதியில் இரவு பகலாக உழைத்து அதனை ஈடுசெய்தனர். அந்நாளை ‘புனித திங்கள்’ என்று வேடிக்கையாக அழைத்தனர். அவ்வாழ்வு இன்பமயமானது என்று கூறுவதற்கில்லை. வறுமை அவர்களை வாட்டியது. ஆயினும் நேரம் ஓரளவேனும் உழைப்பவன் கையில் இருந்தது. ஆலை வந்ததும் நேரம் கைமாறியது. யந்திரம் களைப்பறியாது, வாயு விளக்கு இரவையும் பகலாக்கியது. கடிகார முள்ளைக் காலையில் முன்னும் மாலையில் பின்னும் தள்ளிவைத்து, உழைப்பாளியின் நிமிடங்களைக் களவாடிய ஆலைகளும் இருந்தன என்பதற்கு அக்காலத் தொழிலாளரின் சாட்சியங்கள் உண்டு.

1833ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளில் 9 முதல் 13 வயது வரையான சிறுவரின் வேலையை நாளொன்றுக்கு 9 மணியாகவும், 18 வயதுக்குட்பட்ட இளைஞரின் வேலையை 12 மணியாகவும் மட்டுப்படுத்தியது. பன்னிரண்டு மணி நேரம் ஒரு சலுகையாகக் கருதப்பட்ட காலம் அது! பத்து மணி வேலைநாள் வேண்டும் என்ற கிளர்ச்சி வலுத்தபோது, பொருளியலறிஞர் நாசோ சீனியர் 1837இல் அதை எதிர்த்து எழுதினார். ஆலையின் தேறிய இலாபம் முழுவதும் கடைசி மணி நேரத்திலேயே விளைகின்றது, ஆகவே அதைக் குறைத்தால் தொழிலே அழியும் என்பது அவர் வாதம். 1847இல் பெண்களுக்கும் இளைஞருக்கும் பத்து மணி வேலைநாள் சட்டமாயிற்று. பருத்தித் தொழில் அழியவில்லை, மேலும் வளர்ந்தது. 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்தில் மார்க்ஸ் சீனியரின் ‘கடைசி மணி’யை எள்ளி நகையாடினார்.

இச்சட்டத்தின் வரலாற்றில் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. பாராளுமன்றத்தில் இதற்காக முன்னின்று வாதாடிய ஜோன் ஃபீல்டன் தாமே ஒரு பருத்தி ஆலைச் சொந்தக்காரர். தம் ஆலையில் மட்டும் நேரத்தைக் குறைப்பதோடு அவர் ஏன் நின்றுவிடவில்லை? அயல் ஆலைகள் பன்னிரண்டு மணி ஓடும்போது ஓர் ஆலை மட்டும் பத்து மணியில் நின்றால், போட்டி அதை விழுங்கிவிடும். தனியொருவரின் நல்லெண்ணம் ஓய்வைக் காக்க வல்லதன்று. பொது விதி ஒன்றே அதைக் காக்கும்.

உழைப்பாளி வர்க்கம் இவ்வுண்மையைத் தன் அனுபவத்தால் உணர்ந்தது. எட்டு மணி வேலை, எட்டு மணி உறக்கம், எட்டு மணி தமக்கான பொழுது என்பது அதன் முழக்கமாயிற்று. 1856 ஏப்ரல் 21ஆம் நாள் மெல்பேர்ண் நகரின் கல்தச்சர், பல்கலைக்கழகக் கட்டட வேலையை விட்டிறங்கி ஊர்வலம் சென்றனர். கூலி குறையாமலே எட்டு மணி வேலைநாளைப் பெற்றனர். 1886 மே மாதத்தில் சிக்காகோ தொழிலாளர் அதே கோரிக்கைக்காக வேலைநிறுத்தம் செய்தனர். அதனையடுத்து நால்வர் 1887 நவம்பரில் தூக்கிலிடப்பட்டனர். 1889இல் பாரிஸில் கூடிய சர்வதேச மாநாடு, அடுத்த ஆண்டின் மே முதல் நாளை எட்டு மணிக் கோரிக்கைக்கான நாளாக்கியது. 1917இல் ரஷ்யப் புரட்சி வெற்றிபெற்ற சில நாட்களுள் எட்டு மணி வேலைநாள் ஆணையாயிற்று. 1919இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழில் மாநாட்டின் முதலாவது சமவாயமே நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்ற எல்லையைக் கைத்தொழிலுக்கு வகுத்தது.

இலங்கையிலும் இப்போராட்டத்தின் பயன் எட்டியது. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என வேலையை வரையறுத்தது. ஆனால் சட்டத்தின் கடிகாரம் எல்லாரையும் ஒருபோல் அளப்பதில்லை. மலையகத்திற் கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாளை மணி மட்டுமன்றித் தராசும் அளக்கின்றது. நிர்ணயித்த எடை சேராவிடின் அவளுக்கு ‘அரைப்பேர்’தான். பெரட்டுக் களத்துக்கு வருமுன்பு அவள் அடுப்படியில் உழைத்த நேரமும், லயத்துக்குத் திரும்பியபின் உழைக்கும் நேரமும் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. எட்டு மணிப் போராட்டம் முற்றுப்பெற்றது என்று எவர் கூறவல்லார்?

படித்த நடுத்தர வர்க்கத்தினராகிய நம்மிடையே வேறொரு விந்தை நிகழ்கின்றது. எவரும் சவுக்கெடுக்காமலே நாம் நம் ஓய்வைக் கையளிக்கின்றோம். பாடசாலைக்கு முன் ஒரு ரியூசன், பின் ஒரு ரியூசன், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ரியூசன் என்று ஓடும் மாணவனை நோக்குங்கள். ஒருவன் ஓய்வைத் துறந்தால் அவன் முந்துவான் என்பது மெய்யே. எல்லாரும் துறந்துவிட்டால்? பல்கலைக்கழக இடங்கள் அதனால் ஒன்றேனும் பெருகுவதில்லை. எல்லாரும் முன்னின்ற வரிசையிலேயே நிற்கின்றனர். களைப்பு மட்டுமே மிகுதியாகின்றது. ஃபீல்டனின் காலத்து ஆலைகளைப் பிடித்திருந்த அதே போட்டியின் விதி இன்று நம் வகுப்பறைகளைப் பிடித்திருக்கின்றது.

இதற்கு மருந்தாக, நேரத்தைத் திட்டமிட்டுக்கொள் என்று தனிமனிதனுக்கு உபதேசம் செய்வது போதாது. மாலையில் வாசிகசாலைக்குச் செல்லும் மாணவன் தோழர் யாவரையும் அங்கு காணாவிடில், மறுநாள் அவனும் வரமாட்டான். வாசிகசாலையும் நாடக ஒத்திகையும் தொழிற்சங்கக் கூட்டமும் எட்டு மணி போக எஞ்சிய நேரத்தில் வளர்ந்தவை. இத்தகைய சஞ்சிகைகளை வாசிப்போரும் அந்த நேரத்திலேயே உருவாகினர். அந்த நேரம் இல்லையேல் சிந்தனை இல்லை; சிந்தனை இல்லையேல் சமுதாய மாற்றமும் இல்லை.

ஆகவே ஆசிரியர்களும் பெற்றோரும் மாணவரும் ஓர் ஊரளவிலேனும் ஒன்றுகூடி, ஞாயிற்றுக்கிழமை எந்த வகுப்பும் நடைபெறலாகாது என ஒரு பொது விதியைச் செய்தல் வேண்டும். இது சோம்பலுக்கு விடுக்கும் அழைப்பன்று. நம் முன்னோர் கூடி நின்று வென்றதை நாம் தனித்தனியே இழந்து வருகின்றோம். அதை மீட்பதும் கூடி நின்றால் மட்டுமே கைகூடும்.