எந்தப் பக்கம் கைதட்டுவீர்கள்?

2025 ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை. பர்மிங்காம் எட்ஜ்பாஸ்டன் மைதானத்தில் காலையிலிருந்து மழை. குடைக்குக் கீழே நானும் என் பையனும். எனக்குப் பக்கத்தில் நீலச் சட்டைக் கூட்டம், மேளம், சங்கு. பையன் தலையில் இங்கிலாந்துத் தொப்பி. அவனுக்கு ஒன்பது வயது, பிறந்தது இதே ஊரில். பின்வரிசையில் இருந்த குஜராத்தி மாமா ஒருவர் அவன் தொப்பியைத் தட்டி, "என்ன தம்பி, தப்பான கடையில வாங்கிட்டியா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். பையன் சிரிக்கவில்லை.

மழை விட்டது. ஆகாஷ் தீப் ஆறு விக்கெட் எடுத்தார். 1967 முதல் அந்த மைதானத்தில் எட்டு டெஸ்ட் ஆடி ஒன்றில்கூட ஜெயிக்காத இந்தியா, 336 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. நான் தொண்டை கிழியக் கத்தினேன். வரும் வழியில் பஸ்ஸில் பையன் கேட்டான்: "அப்பா, நீ பிரிட்டிஷ் ஆகப்போறேன்னு சொன்னேல்ல? அப்புறமும் இப்படித்தான் கத்துவியா?"

மறுநாள் இரவு நார்மன் டெபிட் இறந்துபோனார். வயது 94. செவ்வாய்க்கிழமை காலை செய்தியில் பார்த்தபோது எனக்கு லேசாகத் தூக்கிவாரிப் போட்டது. என் பையன் கேட்ட அதே கேள்வியை முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு தேசத்தையே பார்த்துக் கேட்டவர் அவர்.

1990 ஏப்ரலில் அமெரிக்கப் பத்திரிகையான லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸுக்குக் கொடுத்த பேட்டியில் அவர் சொன்னதன் சாரம் இதுதான்: பிரிட்டனில் வாழும் ஆசியர்களில் பெரும்பகுதியினர் கிரிக்கெட் தேர்வில் தேறமாட்டார்கள், அவர்கள் எந்த அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்று பாருங்கள், வந்த இடத்தை நினைத்துக்கொண்டிருக்கிறார்களா, இருக்கிற இடத்தை நினைக்கிறார்களா? 'கிரிக்கெட் தேர்வு' என்றும் 'டெபிட் தேர்வு' என்றும் அது நிலைத்துவிட்டது.

ஆனால் பேட்டி கிரிக்கெட்டைப் பற்றியதே அல்ல. 1997-ல் ஹாங்காங்கைச் சீனாவிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்கு முன்பு அங்கிருந்து 50,000 குடும்பங்களுக்கு பிரிட்டிஷ் குடியுரிமை கொடுக்க தாட்சர் அரசு ஒரு மசோதா கொண்டுவந்தது. தாட்சரின் தளபதி என்று பெயரெடுத்த டெபிட், இந்த விஷயத்தில் அவரையே எதிர்த்துக் கலகம் செய்தார். ஹாங்காங் சீனர்களைத் தடுக்கக் கிளம்பிய வாதம், போகிற போக்கில் லெஸ்டரிலும் பிராட்ஃபோர்டிலும் உட்கார்ந்திருந்த நம்மாட்கள் தலையில் விழுந்தது.

டெபிட்டைக் கோமாளியாக்குவது சுலபம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 1984-ல் பிரைட்டன் நகரில் கட்சி மாநாட்டின்போது ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டில் அவர் இடிபாடுகளுக்குள் சிக்கினார். மனைவி மார்கரெட்டுக்கு உடல் செயலிழந்தது. 1987-ல் அமைச்சர் பதவியை விட்டு விலகி, மனைவியைப் பார்த்துக்கொள்ளப் போனார். இதைப் படித்தபிறகு அந்த மனிதரை முழுதாக வெறுக்க முடியவில்லை. அவர் சொன்ன இன்னொரு விஷயமும் உண்டு. 1981-ல் பிரிக்ஸ்டனிலும் லிவர்பூலிலும் இங்கே ஹாண்ட்ஸ்வொர்த்திலும் கலவரம் நடந்து முடிந்த சமயம். வேலையில்லாமைதான் காரணம் என்றார்கள் சிலர். டெபிட் மாநாட்டு மேடையில், முப்பதுகளில் தன் அப்பாவுக்கும் வேலை இல்லை, அவர் கலவரம் செய்யவில்லை, சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலை தேடிப் போனார், கிடைக்கும்வரை தேடினார் என்றார்.

எனக்கு இதில்தான் சிக்கல். வேலை தேடி சைக்கிள் மிதித்தவன்தானே புலம்பெயர்ந்தவனும்? சைக்கிள் கொஞ்சம் அதிக தூரம் போய்விட்டது, அவ்வளவுதான். விருதுநகரிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து பர்மிங்காம். போன இடத்தில் பழைய தெருவின் பாட்டை முணுமுணுக்கக் கூடாது என்று டெபிட்டின் அப்பாவிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எங்கே கைதட்டுவது என்ற குழப்பம் டெபிட்டுக்கு முன்பே பழையது. மூத்த பட்டோடி, அதாவது நம் 'டைகர்' பட்டோடியின் அப்பா, 1932-ல் இங்கிலாந்துக்காக சிட்னியில் முதல் டெஸ்டிலேயே சதம் அடித்தார். அது பாடிலைன் தொடர். ஆஸ்திரேலியர்களின் உடம்பைக் குறிவைத்துப் பந்து போடும் திட்டத்துக்காக லெக் பக்கம் நிற்க மாட்டேன் என்று கேப்டன் ஜார்டினிடம் மறுத்தார். அடுத்த டெஸ்டோடு அந்தத் தொடரில் அவர் கதை முடிந்தது. 1946-ல் அதே பட்டோடி இந்தியக் கேப்டனாக இங்கிலாந்துக்கு வந்து இறங்கினார். டெபிட் தேர்வில் இவருக்கு எத்தனை மார்க்?

1950-ல் லார்ட்ஸில் மேற்கிந்தியத் தீவுகள் இங்கிலாந்து மண்ணில் முதல் டெஸ்ட் வெற்றி பெற்றது. 326 ரன் வித்தியாசம். ராமாதீன் 11 விக்கெட், வேலன்டைன் 7. ராமாதீன் டிரினிடாட் கரும்புக்காட்டுக்குப் போன இந்தியர்களின் வாரிசு. ஆட்டம் முடிந்ததும் லார்ட் கிச்சனர் என்ற கலிப்ஸோ பாடகர் கிதாரோடு மைதானத்துக்குள் இறங்கி ஊர்வலம் போனார். இரண்டு வருடம் முன்னால் எம்பயர் விண்ட்ரஷ் கப்பலில் வந்திறங்கியவர். அந்தக் கூட்டத்தில் பலரும் போரில் இடிந்த இங்கிலாந்தைக் கட்ட, பஸ் ஓட்ட, ஆஸ்பத்திரியில் வேலை பார்க்க அழைக்கப்பட்டவர்கள். வாரம் முழுக்க வீட்டு வாசலில் 'கறுப்பர்களுக்கு இடமில்லை' என்ற அட்டையைப் பார்த்துவிட்டு, ஒரு நாள் பகல் ஆட வந்திருக்கிறார்கள். அவர்கள் எந்த அணிக்குக் கைதட்ட வேண்டும்? ராமாதீன் கடைசியில் இங்கிலாந்திலேயே தங்கி, பப் நடத்தி, 2022-ல் இங்கேயே காலமானார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் திரும்பத் திரும்பப் படிப்பது 1968-ஐத்தான். அந்த ஒரு வருடத்தில் எல்லாமே இருக்கிறது.

மார்ச் 1-ம் தேதி ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. கென்யாவிலிருந்து ஆசியர்கள் வந்துகொண்டிருந்தார்கள். கையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். ஆனால் புதுச் சட்டப்படி அது மட்டும் போதாது. அவர்களோ, பெற்றோரோ, தாத்தா பாட்டியோ பிரிட்டனில் பிறந்தோ குடியுரிமை பெற்றோ இருக்க வேண்டும். நாடாளுமன்றத்தில் மூன்றே நாளில் நிறைவேற்றினார்கள். கொண்டுவந்தது லேபர் கட்சி. கைதட்டலை யாரும் கேட்கவில்லை, தாத்தா எங்கே பிறந்தார் என்றுதான் கேட்டார்கள்.

ஏப்ரல் 20. பர்மிங்காம் நியூ ஸ்ட்ரீட்டில் இருந்த மிட்லண்ட் ஹோட்டலில் இனாக் பவல் 'ரத்த ஆறு' என்று பெயர்பெற்ற பேச்சைப் பேசினார். குடியேற்றத்தைத் தடுக்காவிட்டால் ரத்தம் ஓடும் என்பது அதன் உள்ளடக்கம். எட்வர்ட் ஹீத் மறுநாளே அவரை நிழல் அமைச்சரவையிலிருந்து நீக்கினார். லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் பவலுக்கு ஆதரவாக ஊர்வலம் போனார்கள். நான் ஆஃபீஸ் போகிற வழியில் அந்தக் கட்டிடம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் பார்ப்பேன் என்று சொன்னால் பொய். பெரும்பாலும் ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பேன்.

ஆகஸ்ட். ஓவல் மைதானம். பாஸில் டி'ஒலிவேரா ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 158 ரன். கேப் டவுனில் பிறந்தவர். 'கலப்பினத்தவர்' என்று அந்த அரசு முத்திரை குத்தியதால் சொந்த நாட்டுக்கு ஆட முடியாதவர். ஜான் ஆர்லட் என்ற வர்ணனையாளருக்குக் கடிதம் எழுதி, அவர் முயற்சியில் 1960-ல் மிடில்டன் கிளப்பில் இடம் கிடைத்து வந்தவர். இப்போது இங்கிலாந்துக்காகச் சதம். அந்தக் குளிர்காலத்தில் இங்கிலாந்து தென்னாப்பிரிக்காவுக்குப் போக வேண்டும். சதம் அடித்த சில நாளில் அணி அறிவிக்கப்பட்டது. டி'ஒலிவேரா பெயர் இல்லை.

தேர்வுக்குழு ஆட்டத் திறனை மட்டும் பார்த்தோம் என்றது. யாரும் நம்பவில்லை. செப்டம்பரில் டாம் கார்ட்ரைட் காயத்தால் விலக, டி'ஒலிவேராவைச் சேர்த்தார்கள். மறுநாளே தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஃபோர்ஸ்டர், இது இங்கிலாந்து அணி அல்ல, நிறவெறி எதிர்ப்பு இயக்கத்தின் அணி என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். பயணம் ரத்து. 1970-க்குப் பிறகு தென்னாப்பிரிக்கா 1992 வரை ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. டி'ஒலிவேரா எந்தத் தேர்வு வைத்தாலும் தேறியிருப்பார். புகுந்த நாட்டுக்கு ரன் அடித்தவர். அவரைத்தான் முதலில் விட்டார்கள்.

அதே 1968 மார்ச் 28-ல் மெட்ராஸில் ஒரு குழந்தை பிறந்தது. நாசர் ஹுசைன். அப்பா ஜவாத் மெட்ராஸுக்காக ஆடியவர், அம்மா ஆங்கிலேயர். ஏழு வயதில் இங்கிலாந்து, அப்பாவின் இல்ஃபோர்ட் கிரிக்கெட் பள்ளி, 1999-ல் இங்கிலாந்துக் கேப்டன். 2001-ல் இந்த நாசர், இங்கேயே பிறந்து வளர்ந்த ஆசியப் பிள்ளைகள் இங்கிலாந்தை விட்டு பாகிஸ்தானுக்கும் இந்தியாவுக்கும் கைதட்டுவது தனக்குப் புரியவில்லை, வருத்தமாக இருக்கிறது என்றார். சேப்பாக்கத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன் டெபிட் கட்சி. அப்போது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். இன்று யோசித்தால், ஒவ்வொரு சொந்த மைதானத்திலும் வெளியூர்க்காரன்போல் டாஸ் போடப் போகும் கேப்டனின் சலிப்பு அது என்று தோன்றுகிறது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சென்னையில் வேலை பார்த்தபோது டீமில் ஒரு மும்பைப் பையன். ஆறு வருடம் வேளச்சேரியில் குடியிருந்தவன். சேப்பாக்கம் ஐ.பி.எல். மேட்சில் மும்பைக்காக எழுந்து ஆடினான். "எங்க ஊரு தண்ணியக் குடிச்சிட்டு அங்க கைதட்டுறியே, வெக்கமா இல்ல?" என்று கேட்டேன். விளையாட்டுக்குத்தான். ஆனால் முழுக்க விளையாட்டு இல்லை. "அப்ப தமிழாவது கத்துக்கோ" என்று சேர்த்துச் சொன்னேன். டெபிட் பேட்டியைப் பற்றி அன்று எனக்கு ஒன்றும் தெரியாது. தானாக வந்தது.

1999 ஜனவரியில் பாகிஸ்தான் 12 ரன்னில் ஜெயித்தபோது சேப்பாக்கம் எழுந்து நின்று கைதட்டியதை நாம் எல்லோரும் பெருமையாகச் சொல்வோம். நானும் ஆஃபீஸில் பத்துப் பேரிடமாவது சொல்லியிருக்கிறேன். ஒரு பிரிட்டிஷ் பாகிஸ்தானி நண்பர் மட்டும் கேட்டார்: "ஜெயிச்சப்புறம் எல்லாரும் கைதட்டினீங்க, சரி. மேட்ச் நடக்கும்போது உங்க ஊர் முஸ்லிம் ஒருத்தர் தனியா எழுந்து தட்டியிருந்தா?" என்னிடம் பதில் இல்லை. காபி எடுக்கப் போனேன்.

கைதட்டல் எப்போதும் அப்பாவியானது என்றும் சொல்லமாட்டேன். 2022 ஆகஸ்ட் 28-ல் துபாயில் இந்தியா பாகிஸ்தானை ஜெயித்தது. ஆசியக் கோப்பை. லெஸ்டரில் கொண்டாட்டம் தெருச்சண்டையாகி, செப்டம்பரில் முகமூடி போட்ட இளைஞர்கள் ஒருவர் பகுதிக்குள் ஒருவர் ஊர்வலம் போகும் அளவுக்கு முற்றியது. காரணங்கள் பல, கிரிக்கெட் அதில் ஒரு தீக்குச்சி. கார்டிஃபில் 2013-ல் இந்தியா–இலங்கை சாம்பியன்ஸ் டிராஃபி அரையிறுதியில் கொடியோடு மைதானத்துக்குள் ஓடிய ஈழத்தமிழர்கள் எந்த அணிக்கும் கைதட்ட வரவில்லை. பாஸ்போர்ட்டில் எந்த நாடு இருந்ததோ அந்த நாட்டு அணியை எதிர்த்து, அடைக்கலம் கொடுத்த நாட்டு மைதானத்தில் ஓடினார்கள். டெபிட்டின் இரண்டு கட்டங்களில் அவர்களை எதில் போடுவது?

என் அம்மா சாத்தூரில் பிறந்தவர். விருதுநகருக்கு வாழ்க்கைப்பட்டு நாற்பது வருடம். இன்றும் ஆனிப்பொங்கலுக்கு சாத்தூர் மாரியம்மனுக்குத்தான் முதல் காணிக்கை முடிந்து வைப்பார். விருதுநகர் பங்குனிப் பொங்கலில் அக்கினிச்சட்டி எடுப்பதும் அவர்தான். பாட்டி ஒருநாளும் "நீ எந்த ஊர் பக்கம்?" என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் அந்த வாரம் வீட்டில் உலை வைத்திருக்க மாட்டார்கள்.

எனக்குக் குடியுரிமைத் தேர்வு அந்த ஜூலை கடைசி வாரம் இருந்தது. 24 கேள்வி, 45 நிமிடம், 18 சரியாக இருந்தால் தேறலாம். பையன்தான் புத்தகத்தை வைத்துக் கேள்வி கேட்டான். அதில் கிரிக்கெட்டைப் பற்றியும் ஒரு பத்தி உண்டு. யாருக்குக் கைதட்ட வேண்டும் என்று போடவில்லை. தேறிவிட்டேன். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை என்பதால், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வந்தால் நீலப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். அப்பாவிடம் போனில் சொன்னேன். கொஞ்சநேரம் பேச்சில்லை. "அப்ப நீ இனிமே நம்ம வீட்டுக்கு வர, அவங்ககிட்ட கேக்கணுமாடா?" என்றார். ஓ.சி.ஐ. அட்டையைப் பற்றி விளக்கினேன். "சரிப்பா, சரிப்பா" என்றார். விண்ணப்பப் படிவம் இன்னும் லேப்டாப்பில் பாதியில் கிடக்கிறது.

ஆகஸ்ட் 4, திங்கட்கிழமை. ஓவல், கடைசி டெஸ்ட், கடைசி நாள். பள்ளி விடுமுறை; எனக்கு வீட்டிலிருந்து வேலை, அதாவது வேலை இல்லை. இங்கிலாந்துக்கு 35 ரன் வேண்டும், நான்கு விக்கெட் கையில். சோபாவின் ஒரு முனையில் அவன், இன்னொரு முனையில் நான். சிராஜ் ஓடி வரும்போதெல்லாம் நான் முன்னால் நகர்ந்தேன், அவன் தலையணையை இறுக்கினான். ஒன்பதாவது விக்கெட் விழுந்ததும் நான் துள்ளினேன். அப்போது படிக்கட்டில் கிறிஸ் வோக்ஸ் இறங்கினார். முதல் நாளில் தோள்பட்டை நகர்ந்தவர். இடது கை ஸ்வெட்டருக்குள் கட்டுப் போட்டிருந்தது, ஒற்றைக் கையில் மட்டை. எங்கள் பர்மிங்காம்காரர். பையனுக்கு எட்ஜ்பாஸ்டனில் அவர் கையெழுத்துப் போட்டுக்கொடுத்த தொப்பிதான் அந்தத் தொப்பி.

பையன் எழுந்து நின்று கைதட்டினான். எழுந்தபிறகுதான் கவனித்தேன், நானும் நின்றுகொண்டிருந்தேன்.

ஆட்கின்சன் ஒரு சிக்ஸர் அடித்தார். ஓடும்போதெல்லாம் வோக்ஸ் முகம் வலியில் சுருங்கியது. பிறகு சிராஜின் யார்க்கர், ஸ்டம்ப் பறந்தது. ஆறு ரன்னில் இந்தியா ஜெயித்தது. பையன் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். விருதுநகரிலிருந்து போன் அடித்தது. அப்பாவாகத்தான் இருக்கும். ஒரு கையால் பையன் முதுகைத் தடவிக்கொண்டே இன்னொரு கையால் எடுத்தேன்.

"பாத்தியாடா?" என்றார்.

"பாத்தோம்ப்பா" என்றேன்.