பாஷாணத்துக்கு ஒரு சாட்சி

ஆர்சனிக் என்று சொன்னால் ஏதோ தொழிற்சாலைச் சரக்கு போலத் தோன்றும். நம் முன்னோருக்கு அது பழகிய பொருள்தான். சித்த வைத்தியத்தில் வரும் அரிதாரமும் மனோசிலையும் ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்தவை. வெள்ளைப் பாஷாணம் அதன் ஆக்சைடு. பழனி மூலவர் நவபாஷாணத்தால் ஆனவர் என்பது ஐதீகம்.

வெள்ளைப் பாஷாணத்துக்கு வாசனை இல்லை. சோற்றிலோ காபியிலோ கலந்தால் சுவையும் அனேகமாகத் தெரியாது. வாந்தி, பேதி என்று ஆள் போய்விட்டால் ஊரார் காலரா என்றே நினைத்துக்கொள்வார்கள். கொலைகாரர்களுக்கு இதைவிட என்ன வசதி வேண்டும்?

இங்கிலாந்தில் தாத்தாவின் காபியில் இதைக் கலந்ததாக ஜான் போடில் என்பவன் மீது வழக்கு நடந்தது. ஜேம்ஸ் மார்ஷ் என்ற ரசாயன நிபுணர் சோதித்து, மஞ்சள் படிவாக விஷத்தைப் பிரித்தெடுத்தார். ஆனால் ஜூரிகளிடம் காட்டுவதற்குள் அந்தப் படிவு கெட்டுப்போனது. போடில் விடுதலையானான். மனம் பொறுக்காத மார்ஷ், 1836ல் புதிய முறையை வெளியிட்டார். துத்தநாகமும் அமிலமும் சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயு வரும். மாதிரியில் ஆர்சனிக் இருந்தால் அது ஆர்சீன் என்ற வாயுவாகிக் கூடவே கிளம்பும். அதைக் கொளுத்தி, சுடரில் குளிர்ந்த பீங்கானைக் காட்டினால் கருப்பாகப் பளபளவென்று படியும். அந்தச் சாட்சி கெடாது.

13 ஆண்டுகள் கழித்து, 1849ல், சென்னையில் அரசு ரசாயனப் பரிசோதகரின் ஆய்வகம் தொடங்கியது. இந்தியாவில் இதுதான் முதல். கல்கத்தாவும் பம்பாயும் பிறகுதான். இன்றைய தமிழ்நாடு தடய அறிவியல் துறைக்கு அதுவே வேர். அந்தக் காலத்தில் மனிதர்களை மட்டுமல்ல, தோலுக்காக மாடுகளையும் பாஷாணம் வைத்துக் கொன்றார்கள். 1904ல் விஷங்களுக்கென்று தனிச் சட்டமே வந்தது.

அப்போதெல்லாம் கேள்வி ஒன்றுதான்: விஷம் வைத்தது யார்? 1983ல் கேள்வி மாறியது. கல்கத்தாவில் தோல் மருத்துவர் கே.சி. சாகாவிடம் மேற்கு வங்கக் கிராமத்தார் சிலர் வந்தார்கள். தோலில் புள்ளிகள், உள்ளங்கையில் சொரசொரப்பு. யாரும் விஷம் வைக்கவில்லை. குழாய்க் கிணற்றுத் தண்ணீரிலேயே ஆர்சனிக் இருந்தது. குளத்து நீரால் வரும் பேதிக்குப் பயந்து போட்ட கிணறுகள் அவை! ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்கரவர்த்தி 1988 முதல் ஊர் ஊராகப் போய்த் தண்ணீர், முடி, நகம், சிறுநீர் என்று ஆயிரக்கணக்கான மாதிரிகளைச் சேகரித்தார். அவருடைய ஆய்வகத்துக் கருவியும் ஆர்சனிக்கை ஆர்சீன் வாயுவாக்கித்தான் அளந்தது. மார்ஷின் யுக்தி 150 ஆண்டுகள் கழித்தும் உதவியது. 1993ல் உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கான அளவை லிட்டருக்கு 50 மைக்ரோகிராமிலிருந்து 10 ஆகக் குறைத்தது.

சிறுநீர் எதற்கு? உடலுக்குள் போன ஆர்சனிக்கின் பெரும்பகுதி சில நாட்களிலேயே சிறுநீரில் வெளியேறிவிடும். ஆகவே அது சமீபத்தில் நடந்ததைச் சொல்லும் சாட்சி. முடியும் நகமும் மாதக்கணக்கில் நினைவு வைத்திருக்கும்.

ஆனால் இந்தச் சாட்சியிடம் கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும். நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் மருத்துவ அறைப் பதிவேடு எழுதுவதும் என் பொறுப்பு. உலோகம் உருக்கும் பிரிவில், பேரிகையிலிருந்து தினம் பஸ்ஸில் வரும் ஒரு பையன் இருந்தான். ஒரு வருடம் அவன் அறிக்கையில் மொத்த ஆர்சனிக் வரம்பைத் தாண்டியிருந்தது. வேலை போய்விடுமோ என்று அவனுக்குப் பயம். பிள்ளை உடம்பில் விஷம் ஏறிவிட்டது என்று அவன் அம்மா தெலுங்கும் தமிழுமாக அழுதார். டாக்டர் நிதானமாகக் கேட்டார்: "முந்தின நாள் என்னப்பா சாப்பிட்டே?" அக்கா வீட்டு விருந்தில் இறால் சாப்பிட்டிருந்தான்.

கடல் மீன், நண்டு, இறாலில் ஆர்சனோபீட்டெய்ன் என்ற ஆர்சனிக் சேர்மம் உண்டு. அது கெடுதல் செய்யாமல் அப்படியே வெளியேறிவிடும். தண்ணீரிலும் உலோகத் தூசியிலும் வருவது கனிம ஆர்சனிக், அதுதான் ஆபத்தானது. உடல் அதில் பெரும்பகுதியை மாற்றி, டி.எம்.ஏ., எம்.எம்.ஏ. என்ற வடிவங்களில் வெளியேற்றும். மொத்த அளவை மட்டும் பார்த்தால் இறாலும் விஷமும் ஒன்றாகத் தெரியும். ஒரு வாரம் கடல் உணவை நிறுத்தி, இந்த வடிவங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும் சோதனைக்கு அனுப்பினார்கள். அளவு சரியாக இருந்தது. பையன் அதே பிரிவில் தொடர்ந்தான்.

நம் பக்கத்து போர்வெல் தண்ணீரிலும் ஆர்சனிக் இருக்குமோ என்று சிலர் கேட்கிறார்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களின் பழைய தொல்லை ஃப்ளோரைடு. பல்லில் பழுப்புக் கறையும் மூட்டு வலியுமாக வாழ்ந்தவர்களை நம் தலைமுறை நிறையப் பார்த்திருக்கிறது. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஃப்ளோரைடையும் சிறுநீரில் அளக்கலாம். சந்தேகம் இருந்தால் முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்.

உலோகம், ரசாயனம் சார்ந்த வேலையில் பிள்ளைகள் இருந்தால் இரண்டை மட்டும் சொல்லி வையுங்கள். சிறுநீர்ச் சோதனைக்கு முந்தைய நாலைந்து நாட்களுக்குக் கடல் உணவு வேண்டாம். அறிக்கை வந்தால், அந்த எண் மொத்த ஆர்சனிக்கா, கனிம ஆர்சனிக்கா என்று டாக்டரிடம் கேட்கட்டும்.