நெஞ்சாங்கூடும் தமிழ்ச் சொற்களும்

பரமத்தி வேலூர் வட்டாரத்துக் காவிரிக்கரையில் வெற்றிலைக் கொடிக்கால்கள் மிகுதி. ஏணிமேல் நின்று வெற்றிலை கிள்ளுவோர் தவறி விழுந்தால், ‘விலாவிலே அடி, மூச்சு விட்டால் குத்துகிறது’ என்பர். இவ்வொரு தொடரில் உடற்கூற்று உண்மை ஒன்று அடங்கியுள்ளது. விலாவெலும்புகள் மூச்சோடு அசைவன என்பதே அது. மக்கள் அறிந்த இச்சொல்லுக்கும் மருத்துவர் கற்கும் நூலுக்கும் இடையேயுள்ள தொலைவைக் குறைக்கத் தமிழில் நிகழ்ந்த முயற்சியை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

நெஞ்சாங்கூடு முதுகிலுள்ள 12 முள்ளெலும்புகளாலும், 12 இணை விலாவெலும்புகளாலும், முன்னுள்ள மார்பெலும்பாலும் ஆயது. மேலுள்ள 7 இணைகள் தத்தம் குருத்தெலும்பு வழியாக மார்பெலும்பை நேரே சேரும். அடுத்த 3 இணைகள் தமக்கு மேலுள்ள குருத்தெலும்பைப் பற்றி நிற்கும். கடையிரண்டு இணைகள் முன்புறம் எதனையும் பற்றா. விலாவிடைத் தசைகளும் உதரவிதானமும் தொழிற்படுங்கால் கூடு விரிய, காற்று உட்புகும். ஆகவே இது காக்கும் கூடு மட்டுமன்று; இயங்கும் கூடுமாம்.

இதன் எண்ணிக்கை எல்லாக் காலத்தும் ஒன்றாகக் கூறப்படவில்லை. சரக சங்கிதை விலாவெலும்பு 24, பொருத்துக்குழி 24, புடைப்பு 24 என எண்ணி 72 எனத் தொகுக்கும். தொகை மிகையாயினும் 24 என்னும் அடிப்படை பிழைபடவில்லை என்பது நோக்கத்தக்கது. மேலைநாட்டில், விலங்குகளை அறுத்துக் கண்ட கேலன், மார்பெலும்பு 7 பகுதிகளை உடையது என்றார். மனித உடலையே அறுத்து ஆராய்ந்த வெசாலியசு 1543இல் வெளியிட்ட தம் நூலில் அது 3 பகுதிகளே என நிறுவினார். ஆணுக்கு ஒரு விலாவெலும்பு குறைவு என்ற நம்பிக்கையையும் அவர் மறுத்தார்.

இவ்வழி வளர்ந்த அறிவைத் தமிழுக்குக் கொணர்ந்தவருள் தலையாயவர் அமெரிக்க மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் இலங்கை வந்த அவர், மறுவருடம் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் பயிற்றத் தொடங்கினார். ஆங்கிலம் கற்றவர் அரசுப் பணி நாடிச் செல்ல, ஊர்மக்கள் மருத்துவரின்றி நின்றமை கண்டு, 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். கிரே முதலியோரின் உடற்கூற்று நூல்களைத் தழுவிய ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இல் வெளிவந்தது. கிரேயின் நூல் இலண்டனில் வெளியானது 1858இல். 14 ஆண்டுகளில் அதன் பொருள் தமிழில் பயிலப்பட்டது என்பது வியத்தற்குரியது.

கிறீன் வெளியிட்ட நூற்பெயர்களே அவர்தம் சொல்லாக்க நெறியைக் காட்டும். ‘அங்காதிபாதம்’ வடசொல்லால் ஆயது; ‘கெமிஸ்தம்’ ஆங்கிலத்தின் ஒலிபெயர்ப்பு. இவை இன்று வழக்கிழந்தன. விலா என்பதோ அழியாது நிலைபெற்றது. மக்கள் நாவில் முன்னரே வாழ்ந்த சொல் அஃதாதலின் என்க. பழு என்பதும் விலாவெலும்பைக் குறிக்கும் பழஞ்சொல்லே. ஏணியின் படிச்சட்டத்திற்கும் அதுவே பெயர். அடுக்கடுக்காய் நிற்கும் அமைப்பைக் கண்டே இரண்டிற்கும் ஒரு பெயர் வழங்கினர் போலும்.

இன்று தமிழகத்தார் எலும்பு என்பதை ஈழத்தார் என்பு என்பர்; நாம் உதரவிதானம் என்பதை அவர் பிரிமென்றகடு என்பர். தமிழகத்து மருத்துவக் கல்லூரிகளிலோ பயிற்றுமொழி ஆங்கிலமே. இந்நிலையில் கலைச்சொற்களை ஒருமைப்படுத்துதல் புலவர் பெருமைக்காக அன்று. ஏணியினின்று விழுந்தவர் தம் நோவைத் தமிழில் கூறுகின்றார். எவ்வெலும்பு முறிந்தது, ஏன் மூச்சு வலிக்கின்றது, எத்துணை நாள் ஓய்வு வேண்டும் என்பவற்றை அவர் தமிழிலேயே கேட்டறிதல் வேண்டும். கொடிக்காலில் வழங்கும் சொல்லினின்று தொடங்கி நூல்வழக்கிற்குச் செல்வதே அதற்கு ஏற்ற நெறி என்பது எம் துணிபு.